என் வீட்டில் வளர்ந்த பிள்ளை



திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஜப்பான் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குண்டுதான். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின் மேல் வந்து குண்டு பொழிந்தன. என் உம்மாவுக்கு அப்போது பத்து வயது. சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்து வானம் கறுத்ததையும், ஊர்ச் சனம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடியதையும் அவர் மௌத்தாகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். "ஜப்பான்காரன்" என்றால் எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பயங்காட்டும் சொல்.

அப்படிப்பட்ட ஊர்க்காரியான நான், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஜப்பான்காரர் ஒருவர் எடுத்த கார்ட்டூன் படங்களைப் பார்த்து அழுதேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அழுததோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையும் இருந்திருக்காது. அந்தப் படங்கள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதைத்தான் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் என்னைப் போன்ற பெண்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும் அல்லவா?

என் மருமகன் கத்தாரில் தொழில் செய்கிறார். சென்ற முறை விடுமுறையில் வந்தபோது, ஒன்பது வயதுப் பேத்திக்காகப் பழைய ஜப்பானியத் தொடர்கள் சிலவற்றைக் கொண்டு வந்தார். ஜப்பானியர் இவற்றை 'அனிமே' என்பார்கள். பேச்சு ஜப்பானிய மொழியில், கீழே ஆங்கில எழுத்து. என் மகள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பவள். இஷாத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் மூவரும் உட்காருவோம். மகள் வாசித்துத் தமிழில் சொல்லுவாள், பேத்தியும் நானும் கேட்போம். முதல் நாள் பேத்திக்குத் துணையாகத்தான் உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில், "இண்டைக்கு எத்தனை மணிக்குப் போடுவீங்க?" என்று கேட்பவள் நானானேன்.

அவற்றை எடுத்தவரின் பெயர் இசாவோ தகஹாட்டா. 1935இல் பிறந்து 2018இல் இறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1945 ஜூன் 29ஆம் திகதி, அவர் வாழ்ந்த ஒகயாமா நகரத்தை அமெரிக்க விமானங்கள் எரித்தன. இரவு உடுப்போடு வெறுங்காலில் தெருவில் ஓடித் தப்பிய பிள்ளை அவர். என் உம்மாவும் ஒரு நாள் அப்படி ஓடியவர்தானே? குண்டு போட்ட நாட்டின் பிள்ளைக்கும் குண்டு விழுந்த ஊரின் பிள்ளைக்கும் பயம் ஒன்றுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இனிக் கதைகளுக்கு வருகிறேன்.

முதலாவது 'ஹைடி'. 1974இல் வந்தது, 52 பாகங்கள். தாய் தந்தையை இழந்த சின்னப் பெண்ணை அவளுடைய சாச்சி ஒருத்தி, இனி என்னால் பார்க்க முடியாது என்று மலையில் தனியாக வாழும் பாட்டனிடம் விட்டுவிட்டுப் போகிறாள். ஊரே பயப்படும் கடுகடுப்பான கிழவர் அவர். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் படுக்கையும் பாலும் கொடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். பிறகு அதே சாச்சி வந்து, பிராங்க்பர்ட் நகரத்தில் நடக்க முடியாத பணக்காரப் பிள்ளை ஒன்றுக்குத் துணையாக இருக்கவென்று ஹைடியைக் கூட்டிப்போகிறாள். அந்த மாளிகையை நிர்வகிக்கும் ரொட்டன்மையர் அம்மையாருக்கு ஹைடி என்ற பெயர் பிடிக்கவில்லை. 'அடெல்ஹைட்' என்றுதான் கூப்பிடுகிறார். மலையில் இருக்கும் கண் தெரியாத கிழவி ஒருத்திக்குக் கொடுப்பதற்காக, ஹைடி தன் பங்கு வெள்ளைப் பணிஸை உண்ணாமல் அலுமாரியில் சேர்த்து வைக்கிறாள். அம்மையார் அதைக் கண்டு குப்பையில் போடச் சொல்கிறார். பிள்ளை மனம் வெதும்பி, தூக்கத்தில் எழுந்து நடக்கும் நோய் வருகிறது.

சகோதரிகளே, இந்த ரொட்டன்மையர் ஒரு தடவையேனும் அந்தப் பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கவில்லை. நல்ல உடுப்பு, நல்ல சாப்பாடு, படிப்பு எல்லாம் உண்டு. ஒழுங்கு என்ற ஒன்றைத்தான் அவர் கேட்டார். கொடுமை என்பது கையில் பிரம்போடுதான் வரும் என்று நினைத்திருந்த எனக்கு, அது ஒழுங்கு என்ற பெயரிலும் வரும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது தொடர் 1976இல் வந்தது. இத்தாலி நாட்டின் ஜெனோவாவில் இருக்கும் மார்கோ என்ற பையனின் தாய், குடும்பக் கஷ்டத்தினால் கடல் கடந்து ஆர்ஜென்டினாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். கடிதம் வருவது நின்றுபோகிறது. பையன் தனியாகத் தாயைத் தேடிப் புறப்படுகிறான். கிண்ணியா, மூதூர், தோப்பூர் பக்கத்துச் சகோதரிகளுக்கு இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் போன தாய்மாரின் பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அந்த நீண்ட பயணத்தில் மார்கோவை ஏமாற்றுபவர்களும் உண்டு, ஏசி விரட்டுபவர்களும் உண்டு. ஆனால் அவனுக்கு உதவுபவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கிய அன்பை அவன் தன்னிடம் வைத்துக்கொள்வதுமில்லை. தாய் இருக்கும் ஊருக்குப் போக ஒருவர் கொடுத்த ரயில் காசை, நோயில் கிடக்கும் ஓர் ஏழைச் சிறுமிக்கு வைத்தியரைக் கூப்பிடச் செலவழித்துவிடுகிறான்.

அதே மனிதர் 1988இல் எடுத்த 'மின்மினிகளின் கல்லறை' என்ற திரைப்படத்தைப் பேத்திக்குக் காட்டவில்லை. அவள் உறங்கிய பிறகு மகளும் நானும் பார்த்தோம். யுத்த காலம். கோபே நகரம் எரிந்து, தாயை இழந்த பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் உறவுக்கார மாமி ஒருத்தியின் வீட்டில் ஒதுங்குகிறார்கள். ஆரம்பத்தில் அவள் வரவேற்கத்தான் செய்கிறாள். நாளாக ஆக அரிசி குறைகிறது. பிள்ளைகளின் தாயுடைய பட்டு உடுப்புகள் அரிசியாக மாறுகின்றன. அந்த அரிசியிலும் கஞ்சியின் அடியில் இருக்கும் சோறு அவளுடைய வீட்டாருக்கு, மேலே இருக்கும் தண்ணீர் இந்தப் பிள்ளைகளுக்கு. "வேலைக்குப் போகாமல் இருக்கிறவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?" என்பதாகப் பேச்சு. ஒரு நாள் பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே வெளியேறி ஒரு பதுங்கு குழிக்குள் குடியேறுகிறார்கள். அவள் தடுக்கவில்லை. சாப்பாடில்லாமல் தங்கை மடிகிறாள்.

அந்த மாமி கையில் அகப்பையோடு பானைக்குள் பார்க்கும் இடத்தில், "இதை நிறுத்து" என்று மகளிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது, கிண்ணியாவிலிருந்த என் கணவரின் தங்கை அதில் போய்விட்டார். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள். பிள்ளையின் வாப்பா வெளிநாட்டில். வந்தார், அழுதார், சில மாதங்களில் மறுமணம் செய்துகொண்டார். பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மகளுக்கு அப்போது பத்து வயது.

நான் அந்தப் பிள்ளையை அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. பாடசாலைக்கு அனுப்பினேன், ஓதவும் அனுப்பினேன், பெருநாளைக்குப் புது உடுப்பும் எடுத்தேன். ஊரார் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் அந்தப் புகழை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் மீன் பொரித்தால் நடுத்துண்டு என் மகளுக்கு, வால் துண்டு அவளுக்கு. கடைக்கு ஓடுவது அவள், பாடப்புத்தகத்தோடு இருப்பது என் மகள். 2006இல் மூதூரிலிருந்து சனம் இடம்பெயர்ந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் உறவினர் வந்து தங்கினார்கள். சாமான் விலை ஏறியது, கணவரின் சிறு கடையில் வியாபாரம் படுத்தது. அப்போதெல்லாம், "வாயும் வயிறும் கூடிப்போச்சு" என்று பாத்திரத்தோடு பேசுவதுபோல் பேசுவேன். அது யாருடைய காதில் விழ வேண்டுமென்று பேசினேன் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

அவளை நேசித்தவர் என் கணவர். கடை மூடி வரும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் ஏதாவது வாங்கி வருவார். நான் முகத்தைச் சுளித்தால் எதுவும் பேசமாட்டார். மறுநாளும் அதே அளவில்தான் வாங்கி வருவார்.

2007 நோன்பு காலத்தில் என் அரைப் பவுண் மோதிரம் காணாமற் போனது. அறையைக் கூட்டியவள் அவள். அவளைக் கூப்பிட்டு, வந்திருந்த உறவுக்காரர் முன்னிலையில் அவளுடைய புத்தகப் பையைப் பாயில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அப்படியும் விடாமல், "உண்மையைச் சொன்னால் ஒண்டும் செய்யமாட்டன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கொட்டிய புத்தகங்களை அடுக்கினாள். பெருநாள் கழிந்து சில நாட்களில், தொழுகைக்குப் போடும் என் துணியின் மடிப்பிலிருந்து மோதிரம் விழுந்தது. பக்கத்தில் என் மகள் நின்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு அந்த மோதிரத்தை நான் போட்டதுமில்லை, அதைப் பற்றிப் பேசியதுமில்லை.

இப்போது மூன்றாவது தொடர். 1979இல் வந்த 'செந்நிற முடி ஆன்', 50 பாகங்கள். கனடா நாட்டில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு என்று ஓர் இடம். அங்கே வயதான அண்ணன் தங்கை இருவர், மெத்தியூ, மரிலா என்று பெயர். விவசாய வேலைக்கு உதவியாக அநாதை விடுதியிலிருந்து ஓர் ஆண் பிள்ளையைக் கேட்கிறார்கள். தவறுதலாக ஆன் என்ற பெண் பிள்ளை வந்து நிற்கிறாள். அதற்கு முன் அவள் இருந்த வீடுகளிலெல்லாம் பிறருடைய குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தவள். திருப்பி அனுப்பத்தான் மரிலா கிளம்புகிறார். ஆனால் பிள்ளையை வேலைக்கென்று கேட்கும் ஒரு கடுமையான பெண்ணைக் கண்டதும், அவளிடம் ஒப்படைக்க மனம் வராமல் திரும்பக் கூட்டி வருகிறார். அன்பான வார்த்தை ஒன்றும் பேசத் தெரியாத பெண் இந்த மரிலா. இருந்தாலும் அந்த ஒரு திருப்பத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறிவிட்டது.

ஒரு நாள் மரிலாவின் நகை ஒன்று காணாமற் போகிறது. ஆனைச் சந்தேகித்து அறையில் இருக்கச் சொல்கிறார். ஒப்புக்கொண்டால்தான் வெளியே போகலாம் என்றதும், ஊர்ப் பிள்ளைகளோடு உல்லாசப் பயணம் போகும் ஆசையில், செய்யாத குற்றத்தைச் செய்ததாகப் பிள்ளை சொல்லிவிடுகிறாள். பிறகு நகை மரிலாவின் சால்வையிலேயே தொங்குகிறது.

அந்த இடத்தில் மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அறையில் ஜப்பானியப் பேச்சு மட்டும் கேட்டது. "என்ன உம்மா, வாசிங்களன்!" என்று பேத்தி அவசரப்பட்டாள். மகள் என்னைப் பார்க்காமலே வாசித்தாள். மரிலா ஆனிடம் போய், தான் செய்தது பிழை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார்.

பேத்தி என் பக்கம் திரும்பினாள். "உம்மும்மா, பெரிய ஆக்களும் சின்னப் புள்ளையள்ட்ட மன்னிப்புக் கேப்பாங்களா?"

"கேக்கணும்" என்றேன். அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை.

அந்த இரவு நான் உறங்கவில்லை. இந்த மூன்று தொடர்களையும் அந்தத் திரைப்படத்தையும் மனதில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அவற்றில் கொம்பு முளைத்த கெட்டவர்கள் இல்லை. இருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். சமைப்பவர்கள், வரவு செலவு பார்ப்பவர்கள், தம் பிள்ளைக்கு ஒரு பிடி கூடப் போட நினைப்பவர்கள். அவர்களுடைய ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லா நியாயமும் சேர்ந்து ஒரு பிள்ளையை நசுக்குகின்றன. அன்பு செய்பவர்களும் அப்படியே சாதாரண மனிதர்கள்தான். கடுகடுப்பான பாட்டன், பேசத் தெரியாத மெத்தியூ, கண்டிப்பான மரிலா. அன்புக்கு இனிய முகம் தேவையில்லை போலும். பிள்ளைக்கு ஒரு இடம் ஒதுக்கி, அது உன்னுடைய இடம் என்று அதற்குத் தெரியச் செய்தால் போதும்.

அவருடைய கடைசிப் படமான 2013ஆம் ஆண்டு 'இளவரசி ககுயா'வில் இன்னொரு வகையையும் காட்டுகிறார். மூங்கிலில் கிடைத்த பிள்ளையை உயிராக வளர்க்கும் தகப்பன், அவளுக்கு நன்மை செய்வதாக எண்ணித் தலைநகருக்குக் கொண்டுபோய், பட்டுடுத்தி, இளவரசியாக்கி, அவளுடைய சிரிப்பையே இல்லாமற் செய்துவிடுகிறான். அவன் அன்பில்லாதவன் அல்ல. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காதவன். சொந்தப் பிள்ளைகளை வளர்க்கும் நாமும் இதை யோசிக்க வேண்டும்.

எத்தீமை அடக்கி ஒடுக்க வேண்டாமென்று 'ளுஹா' சூராவில் அல்லாஹ் கட்டளையிடுவதை நாம் எத்தனை தடவை தொழுகையில் ஓதியிருப்போம்! நபி (ஸல்) அவர்களே எத்தீமாகப் பிறந்தவர்கள். ஆறு வயதில் தாயையும் இழந்தவர்கள். பாட்டனாருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தார்கள். அந்த வீட்டில் சோறு பரிமாறியவர் அபூதாலிபின் மனைவி பாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்கள். அவர் மரணித்தபோது நபியவர்கள் தமது சட்டையையே அவருக்குக் கபனாகக் கொடுத்தார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கணவன் வீட்டுப் பிள்ளையை வளர்த்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்த கண்ணியம் அது. எனக்கும் அதே வேலைதான் தரப்பட்டிருந்தது.

மறுநாள் காலை கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். முன்பு தோணியில் கடந்த இடத்தில் 2009 முதல் பெரிய பாலம் இருக்கிறது. சில நிமிடத்தில் கடந்துவிடலாம். எனக்கு அந்தப் பாலம் முடியவே இல்லை.

அவள் இப்போது பாலர் பாடசாலை ஆசிரியை. இரண்டு பிள்ளைகளின் தாய். என்னைக் கண்டதும், "வாங்க மாமி" என்று பாய் விரித்துத் தேநீர் ஊற்றித் தந்தாள். மோதிரத்தைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். அவிழ்த்து முன்னால் வைத்தேன். "நான் அந்த நோன்புப் பெருநாள் கழிஞ்சு நாலு நாளையிலயே இதை எடுத்திட்டன். உன்னட்டச் சொல்லல்ல. என்னை மன்னிச்சுக்கோ மகள்" என்றேன்.

அவள் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை.

"மோதிரம் கிடைச்சது எனக்குத் தெரியும் மாமி. ராத்தா அண்டைக்கே வந்து சொன்னவ" என்றாள். பிறகு மெதுவாக, "அது போகட்டும். நீங்க ஒரு நாளும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடல்ல. 'அந்தப் புள்ள', 'அந்தப் புள்ள' எண்டுதான் சொல்லுவீங்க. எனக்கு அதுதான் மறக்க ஏலாம இரிக்கி" என்றாள்.

எனக்கு உடம்பு விறைத்துப்போனது. மீன் துண்டையும் மோதிரத்தையும் கணக்குப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். இது என் கணக்கிலேயே இல்லை. ரொட்டன்மையரைப் பார்த்துக் கோபப்பட்டவள் நான்!

அவளுடைய பெயரைச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். எல்லாம் தீர்ந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். மோதிரத்தை அவள் வாங்கவில்லை. "உங்கட பேத்திக்குக் குடுங்க மாமி" என்று திருப்பித் தந்துவிட்டாள். மன்னித்தேன் என்ற வார்த்தையையும் அவள் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. புறப்படும்போது, "பெருநாளைக்குப் புள்ளையளோட வாறன்" என்று மட்டும் சொன்னாள். வந்தாள். பேத்தியும் அவளுடைய பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஹைடி பார்த்தார்கள்.

இதை எழுதுமுன் அவளிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்க மாமி. ஆனா என் பேரைப் போட வேணாம். வீட்டில கூப்பிட்டாக் காணும்" என்றாள். அதனால்தான் இங்கே எழுதவில்லை.

சகோதரிகளே! கடலும் யுத்தமும் வெளிநாட்டுத் தொழிலும் நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளை உறவினர் வீடுகளில் விட்டிருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்றிரவு சோறு போடும்போது உங்கள் கை எந்தத் துண்டை எடுக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அவளை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று உங்கள் காதாலேயே கேளுங்கள். பிழை செய்திருந்தால், அவள் சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிடாமல், இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் கிட்டத்தட்ட இருபது வருடம் பிந்திப் போனவள். என் கணவர் இதைக் காண இல்லை.

நம் பொறுப்பில் தந்த அமானிதங்களை நாம் பாழாக்காமல் இருக்க வல்ல றஹ்மான் நம் அனைவருக்கும் உதவி செய்வானாக. ஆமீன்.